ராகு காலத்தில் ஒரு மேஜை

செவ்வாய்க்கிழமை மூன்று மணி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு பூட்டியிருந்தது. பட்டு நூலில் கோத்த அதன் சாவி கலையரசியின் இடுப்பில் தொங்கியது.

காஞ்சிபுரத்தில் ராகு காலத்தில் கத்தி வைக்க யாரும் சம்மதிப்பதில்லை; அந்த ஒன்றரை மணி நேரத்தைக் காலியாக விட்டு மற்ற ஆபரேஷன்களுக்கு நேரம் ஒதுக்குவது தியேட்டர் சிஸ்டரான அவளுடைய வேலை. சில வாரங்களாக அந்த நேரத்தில், பூட்டிய கதவின் இடுக்கிலிருந்து ஸ்பிரிட் நெடியும், அதற்கடியில் சதை கருகும் மெல்லிய வாடையும், தட்டில் கத்தரிக்கோல்களை யாரோ பொறுமையாக அடுக்கும் ஓசையும் வந்துகொண்டிருந்தன. டெக்னீஷியன் விமல்ராஜ் கள்ளச்சாவி போட்டுத் திருட்டுத்தனமாகக் கேஸ் பார்க்கிறான் என்று நினைத்திருந்தாள். இன்று அவன் கதவுக்கு வெளியே, அவள் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"உள்ள யாருப்பா?"

"நீங்கதான் யாரையோ விட்டுக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்." அவன் சிரிக்கவில்லை.

வார்டில் அனு சுருண்டு படுத்திருந்தாள். பத்து வயது. குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம். நாலரைக்கு விபத்துக் கேஸ் ஒன்றுக்குத் தியேட்டர் ஒதுக்கியாயிற்று. இப்போது விட்டால் இரவுதான் இடம் கிடைக்கும்.

அவள் அப்பா கதிர்வேல், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர், அசையவில்லை. "ராகு காலம் முடியட்டும்மா."

"குடல்வால் பஞ்சாங்கம் பாக்குமா?"

"உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

கலையரசி ஸ்கேனுக்கு என்று பொய் சொல்லி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். ஆபரேஷன் செய்ய டாக்டர் பிரவீனா வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த அனுவின் குதிகாலில் அரக்குச் சாயக் கறை.

"பட்டறைல மிதிச்சிட்டேன் சிஸ்டர். சோப்புக்கும் போவாது," என்றாள் அனு.

"சரிம்மா, பேசாத."

நடையில் ஆளில்லை. சக்கரத்தின் கிறீச்சொலி மட்டும். பிறகு அந்த வாடை.

விளக்கு எரிந்தது. பூட்டு அப்படியே.

அனுவின் கையைப் பிடித்தபடியே கதவின் வட்டக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள்.

வெளிச்சம். மேஜை. சுற்றிலும் பச்சை அங்கிகள். பச்சைத் துணிக்கு வெளியே ஒரு சின்னக் கால்.

குதிகாலில் அரக்கு.

அவள் கைக்குள் இருந்த விரல்கள் குளிர்ந்துகொண்டே வந்தன. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. உள்ளே ஒருத்தி கத்தியை எடுத்து நீட்டினாள். முகம் தெரியவில்லை. இடுப்பில் பட்டு நூல். நூலில் சாவி.

கலையரசி தன் இடுப்பைத் தடவினாள்.

காலி.