மேலே மட்டும் கிரகணம்

பின்னேரம் நாலு மணியிலிருந்து பிள்ளை வயிற்றின் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. உதைக்கவில்லை, புரளவில்லை, யாரோ வரப் போகிறார்கள் என்று இடம் விட்டதுபோல. சிவக்கொழுந்து இருந்தாள், எழும்பினாள், குசினிக்குள் போய் உலைமூடியைத் திறந்து மூடினாள், திரும்பி வந்தாள். எட்டு மாதம்.

கணவர் யோகலிங்கத்துக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. துறைமுகக் கந்தோரில் அவர் மூன்றாந்தர லிகிதர். வீட்டில், 'செய்மதி அவதானிப்பாளர், கிழக்கு மாகாணம்' என்று தன் செலவில் கடிதத்தாள் அச்சடித்தவர். பூமியைச் சுற்றும் அமெரிக்கச் செய்மதி, வெயில் பட்டு மின்னும் பலூன், இன்று ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு மங்குமென்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த உயரத்தில் சந்திரன் சூரியனை மறைக்குமாம். கணக்காக எழுதியனுப்பினால் வெளிநாட்டுச் சான்றிதழ் வரும். அதை மாட்டக் கண்ணாடிச் சட்டமும் வாங்கி, ஆணியும் அடித்தாயிற்று.

கிரகணத்தில் வயிற்றுப்பிள்ளையோடு வெளியில் இருக்க ஏலாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கிரகணம் மேலே. இஞ்ச வெறும் அமாவாசை. உம்மட பஞ்சாங்கத்திலயும் இல்லையே."

ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கிரகணத்துக்கும் புகையேற்றிய கண்ணாடியோடு அவளை முற்றத்துக்கு இழுத்து வந்தவர் இவர்தான். அன்று அவள் மேலே பார்க்கவில்லை. முருங்கை இலைகளுக்குள்ளால் மணலில் விழுந்த வெளிச்ச வட்டங்களெல்லாம் பிறை பிறையாகத் தேய்ந்ததைத்தான் பார்த்தாள். அந்த மாதம் பிறந்த பிள்ளை அழவேயில்லை. கண்ணாடி சரியில்லையென்று அவர் கடைக்காரனோடு சண்டை பிடித்தார்.

ஏழு மணிக்கு இருவரும் முற்றத்தில், குசினிச் சுவரோரம் இருந்தார்கள். அவதானிப்பாளர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாதாம். அவர் "இப்ப" என்பார். அவள் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமென்று லாம்பைக் குசினியின் தென்னோலைக் கிடுகுச் சுவருக்கு உட்புறம் தொங்கவிட்டிருந்தார். கிடுகு ஓட்டைகளால் வந்த வெளிச்சப் பொட்டுகள், வட்ட வட்டமாக, அவளுடைய கொப்பியிலும் வெள்ளைச் சேலை மூடிய வயிற்றிலும் விழுந்து கிடந்தன. குடாவிலிருந்து எண்ணெயும் அழுகிய பாசியும் கலந்து மணத்த காற்று வந்துகொண்டிருந்தது. நங்கூரமிட்ட ஏதோ கப்பலின் இயந்திரம் ஒரே சீராக முனகியது. பக்கத்து வளவில் நாய் விடாமல் குரைத்தது.

"வருது," என்றார். பிறகு, "மங்குது. இப்ப."

எழுதினாள்.

நாயின் குரைப்பு நின்றது. கப்பலின் முனகலும் நின்றது.

"இன்னும் மங்குது. இப்ப."

எழுதினாள். மற்றக் கையை வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள்.

"ஆளையே காணேல்ல. முழுக்க மறையாது எண்டுதானே எழுதியிருந்தவை," என்றார், கடிதம் எழுதியவர்கள் தன்னை அவமதித்ததுபோல.

"இஞ்சாருங்கோ. பிள்ளை அசையுதில்லை."

"கொஞ்சம் பொறும். பலூன் இன்னும் வெளிக்கேல்லை."

காற்றில்லை. கொப்பியில் எழுத்துத் தெரியவில்லை. லாம்பு அணைகிறதோ என்று கிடுகு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். சுடர் நிமிர்ந்து, முழுதாக, ஆடாமல் நின்றது.

குனிந்தாள்.

வயிற்றின் மேல் ஒரு வட்டம் கூட இல்லை. எல்லாம் பிறை. ஒரே பக்கமாக வளைந்த பிறைகள். நகக்கீறலாய் மெலிந்துகொண்டிருந்தன.

"இப்ப," என்றார் அவர், மேலே பார்த்தபடி.

இடப்பக்கத்துப் பிறை அணைந்தது.