பாத்தி மேல போட்ட வலை

வலை கிழியல. அதான் முதல்ல அவளுக்கு உறுத்துச்சு.

பூப்பாத்தி மேல கம்பி வலை விரிச்சு, சுத்தி முளையடிச்சு இறுக்கிக் கட்டியாச்சு. பூனை ஒரு நகத்தைக்கூட உள்ள விட முடியாது. ஆனா சாயங்காலம் அடுப்படி ஜன்னல்ல எட்டிப் பாத்தா, வலைக்கு அடியில, ரோஜாவுக்கும் சாமந்திக்கும் நடுவுல, புதுசா ஒரு குழி. ஈர மண்ணு வலையோட கண்ணு வழியா பிதுங்கி மேல வந்து கிடக்கு.

நர்ஸம்மாவுக்கு, தெருவுல அவளுக்கு அதான் பேரு, இந்தப் பூனைங்களோட ரொம்ப நாளா சண்டை. விடிஞ்சு பாத்தா பாத்தியில குழி, பக்கத்துலயே ஏதாவது ஒரு பூனை மண்ணைப் பறண்டிட்டு நிக்கும். ஆரஞ்சுத் தோல் போட்டா. மிளகாப்பொடி தூவினா. தண்ணி பீச்சினா. ஒண்ணும் வேலைக்காகல. போன வாரம் துடைப்பத்தைத் தூக்கிட்டுத் துரத்தப்போய், படியில வழுக்கி விழுந்து, இப்ப முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

"ஊருக்கெல்லாம் கட்டு போடுறவ, பூனைகிட்ட அடி வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கா"ன்னு புருஷன் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் எலக்ட்ரீஷியன். வாய் கேலி பேசினாலும் கை சும்மா இருக்காது. வலை போட்டது அவன்தான். மிச்சத்தை எதுக்கு வீணாக்கணும்னு எல்லா ஜன்னலுக்கும் சேத்து ஆணியடிச்சுட்டான்.

"இனிமே ஒரு பூனை முடிகூட உள்ள வராது, பாரு."

"காத்தாவது வருமாங்க?"

"நீ விடுற குறட்டைக்கு வலை தாங்கினா சரி."

வேலைக்குக் கிளம்புறப்ப வாசக்கதவை வெளிய பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிடுவான். அவ நொண்டிக்கிட்டே வந்து திறக்க வேண்டாமேங்கிற அக்கறைதான்.

இன்னைக்கு மழை விட்ட பிறகும் இருட்டு விடல. ஈர மண்ணு வாசனையோட வேற ஏதோ ஒரு வாடை, ரொம்ப நாள் திறக்காத ஒரு பெட்டியைத் திறந்த மாதிரி, ஜன்னல் வழியா மெல்ல மெல்ல உள்ள வந்து அடுப்படி முழுக்க நின்னுச்சு. மதில் மேல தெருப் பூனைங்க மொத்தமும் வரிசையா உக்காந்திருந்துச்சு. சத்தமே இல்ல. அவளைப் பாக்கல. குழியையே பாத்துச்சு.

செவலைப் பூனை ஒண்ணு கீழ குதிச்சு, வலை மேல முன்னங்காலை வெச்சுப் பறண்ட ஆரம்பிச்சுது. "ச்சூ"ன்னு கத்த வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டா.

அது தோண்டல. பிதுங்கின மண்ணை இழுத்து இழுத்துக் குழிக்குள்ள தள்ளப் பாக்குது. மூடப் பாக்குது. வலை விட மாட்டேங்குது.

இத்தனை நாள்ல ஒரு பூனையாவது குழி தோண்டி அவ பாத்திருக்காளா? பறண்டிட்டு நிக்கிறதைத்தான் பாத்திருக்கா.

டக்.

ஒரு முளை பிடுங்கிட்டு எகிறுச்சு. செவலை ஒரே தாவுல மதிலுக்குப் போயிடுச்சு. அவ போனை எடுத்தா.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாலத்துல. மழையில எல்லா வண்டியும் மாட்டிக்கிட்டு நிக்குது. ஏன், உன் செவலை மறுபடி வந்துட்டானா?"

"விளையாடாதீங்க. சீக்கிரம் வாங்க. தோட்டத்துல…"

என்னன்னு சொல்லுவா? திரும்பிப் பாத்தா. தூங்கி எந்திரிச்சவங்க போர்வையை ஒதுக்கின மாதிரி, வலை ஒரு ஓரமா சுருண்டு கிடந்துச்சு. குழி காலி. மதிலும் காலி.

பின்கதவு தாப்பாள் போட்டுத்தான் இருந்துச்சு. ஆனா கதவுக்கு அடியில, அந்தச் சின்ன இடுக்கு வழியா, ஈர மண்ணு உள்ள வந்துட்டிருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா. அவசரமே இல்லாம.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வாசலுக்கு ஓடினா. ஓட்டமா அது? மாவுக்கட்டு தரையில இழுபடுது. கதவை உலுக்கினா. வெளிப்பூட்டு ஆடுச்சு. திறக்கல.

அப்பதான் முன்னறை ஜன்னல்ல அந்தச் சத்தம். பறண்டுற சத்தம்.

எல்லாப் பூனையும் அங்க வந்திருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வலையைப் பறண்டி, உள்ள வரத் துடிக்குதுங்க. அவளும் இந்தப் பக்கம் ஆணியைப் பிடுங்கினா. விரல் கிழிஞ்சுது. ஆணி அசையல. நல்ல வேலைக்காரன் அடிச்ச ஆணி.

"வாங்க… வாங்கடா செல்லங்களா… வந்துடுங்கடா…"

கீழ விழுந்த போன்ல புருஷன் குரல். "ஹலோ? யாரைச் செல்லம்ங்கிற? ஹலோ?"

பறண்டல் நின்னுச்சு.

எல்லாப் பூனையும் காதை மடிச்சு, அவ தோளுக்குப் பின்னாடி பாத்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா இறங்கிப் போயிடுச்சு.

அந்த வாடை. கழுத்துகிட்ட.

அவ திரும்பல. குனிஞ்சு காலைப் பாத்தா.

வெள்ளை மாவுக்கட்டு மேல ஈர மண்ணு. பாதம் மறைஞ்சாச்சு. பின்னாலேருந்து இன்னொரு பிடி வந்து விழுந்துச்சு. இன்னொண்ணு. மெதுவா, பொறுமையா, பூனைங்க மூடுற மாதிரியே.