நீலக் கட்டத்தில் நின்றவர்

"இது எங்க வெப்சைட்டுங்க..."

"யார் வேணா பாக்கத்தானேங்க போட்டிருக்கு? நான் காசு கொடுத்து உக்காந்து..."

"பாக்க இல்ல, வாங்கப் போட்டது. தெனமும் நாலு மணிக்கு வர்றது நீங்கதானா?"

திருத்தணி பிரவுசிங் சென்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொதட்டூர்பேட்டை பஸ் வரும்வரை, அந்த 2007 ஐப்பசி மழைக்கு ஒதுங்கியவள் பிரபாவதி. தறிக்காரர் பங்காருவின் மகள். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவன் முன்னிருந்த திரையில், நீலக் கட்டம் போட்ட லுங்கியை விரித்துப் பிடித்தபடி அவளே நின்றாள்.

அவன் எழுந்தான். நனைந்த வேட்டி, நெற்றியில் விபூதி, மேலெல்லாம் நெய் வாசனை. கண்கள் மட்டும்... மழை விட்ட பிறகும் இலையில் தங்குகிற ஈரம் போல.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரிப்போர்ட் வருதுங்க. யாரு வந்தா, எந்த ஊரு, எந்தப் பக்கத்துல எவ்ளோ நேரம்னு. ஊரு சென்னைன்னு காட்டுச்சு. எல்லாத்தையும் தாண்டி நீலக் கட்டத்துலயே நின்னுகினு இருந்தீங்க. பெரிய வியாபாரின்னு நெனச்சேன். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் காணோம்... காவடி எடுத்துகினு மலைக்குப் போயிருப்பாருன்னு..."

"அன்னிக்கு மடப்பள்ளியில பொங்கல் கிளறிண்டிருந்தேன். என் பேரு ஸ்ரீகுமார். மலைக் கோயில்ல சமையல். இங்க நெட் லைன் அப்படிங்க, எப்பவும் சென்னைன்னுதான் காட்டும்."

அவள் குரல் இறங்கியது.

"சென்னைக்காரர் மொத்தமா வாங்க வருவாருன்னு நான்தான் வீட்டுல சொன்னேன். நைனா மூணு தறியிலயும் நீலக் கட்டமே போட்டுட்டாரு. என்னை நகரியில இருக்குற அத்தை மகன் பாவாவுக்குக் குடுக்குற பேச்சையும், சரக்கு வித்ததும் பாக்கலாம்னு தீபாவளி வரைக்கும் தள்ளி வெச்சாரு. நீங்க லுங்கி கட்டுற ஆளுகூட இல்லியே..."

வெளியே மலை மழைக்குள் மறைந்திருந்தது.

"நான் பாத்தது லுங்கிய இல்லீங்க."

"தெரியுது."

"உங்க பேரு கூடத் தெரியாது. உச்சிகால பூஜை முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டு நாலு மணிக்கு இறங்கினா, கால் தானா இங்க வந்துடும்..."

கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை மாதமும் ரிப்போர்ட்டைத் திறந்ததும் அவள் தேடியது அந்த ஒருவரைத்தான். முகம் தெரியாத யாரோ தன்னிடம் திரும்பத் திரும்ப வருகிறார் என்ற நினைப்பில்தான் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தூங்கினாள்.

பஸ் ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவள் திரும்பாமலே நின்றாள்.

"பிரபாவதி... என் பேரு. நானும் வியாபாரத்துக்காக மட்டும் பாக்கலீங்க. தீபாவளி போயிடுச்சு, நாளைக்கு நகரியிலேந்து தட்டு மாத்த வராங்க... அதுக்குள்ள வந்து, லுங்கி வாங்க வரலன்னு எங்க நைனாகிட்ட சொல்லுவீங்களா?"