நாலு கம்பெனி, ஒரே ஓனர்!

செல்போன் அலறியது!

விழுப்புரம் வீட்டில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த சூர்யகலா எடுத்தாள். காணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள்.

"திண்டிவனம் இன்ஸ்பெக்டர் சீனுவாசன். ஏஜென்ட் தேவாவைத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஆபீஸ்ல பொணமா கெடக்குறான்... கழுத்தை நெரிச்சிருக்காங்க! ஜல்தியா கெளம்பி வா!"

பஸ் ஏறினாள்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கணவன் ராஜவேலு லாரியில் அடிபட்டுச் செத்த நாளிலிருந்தே உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அந்தச் சாவுக்குக் கிடைத்த பன்னிரண்டு லட்சத்தைத்தான் தேவா மூலமாக ஒரு மணி மார்க்கெட் ஃபண்டில் போட்டிருந்தாள்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுத எஸ்.ஐ. சங்கவி தயாராக இருந்தாள்.

"நேத்து அந்த ஃபண்டு கவுந்துபோச்சு" என்றார் சீனுவாசன். "உன் பணம் காலி. ஆத்திரம்... அவன் கதையை முடிச்சிட்ட. ஒத்துக்க!"

சூர்யகலா சுவரைப் பார்த்தாள்.

"என் பணம் போவலியே சார். போன மாசமே எடுத்துட்டேன்."

"எ... எப்படி?"

"பேங்க் மாதிரின்னு தேவா சொன்னாரு. மாதிரிதானே சார்... பேங்க் இல்லியே. பணத்தை யாருக்குக் கடன் குடுத்துக்கினு இருக்காங்கன்னு மாசாமாசம் லிஸ்ட் போடறாங்க. படிச்சேன். நாலு கம்பெனிக்கு நெறைய போயிருந்துச்சு. விசாரிச்சா, நாலுக்கும் ஒரே ஓனர். அவன் விழுந்தா மொத்தமும் போச்சு. எடுத்து தபால் ஆபீஸ்ல போட்டுட்டேன். மத்தவங்களுக்கும் சொல்லுங்கன்னு தேவாகிட்ட சொன்னேன்."

"சொன்னான்!" மேஜையில் ஓங்கி அறைந்தார் இன்ஸ்பெக்டர். "என் எட்டு லட்சமும் போனப்புறம், நேத்து சாயங்காலம் சொன்னான்! சிரிச்சிக்கினே சொன்னான்!"

சங்கவியின் பேனா நின்றது.

"தேவாவை உயிரோட பாத்ததே இல்லன்னு காலையில எங்கிட்ட சொன்னீங்களே சார்...?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். தாமதம்! சட்டைக் கை விலகியிருந்தது.

"நகம் கீறுன காயம்" என்றாள் சூர்யகலா, ஊசி போட்டுக்கொள்ள வருபவர்களிடம் பேசுகிற அதே குரலில். "ஒரு நாள்கூட ஆவல."

சங்கவி கதவைத் தாழிட்டாள். டி.எஸ்.பி.க்குப் போன் போட்டாள்.

சீனுவாசன் நாற்காலியில் சரிந்தார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்தது..."

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். சூர்யகலாவுக்கு எதுவுமே தோன்றவில்லை.

"என்னை என்ன பண்ணப்போற சங்கவி?"

"பத்திரமான எடத்துல போடப்போறேன் சார். வெளிய எடுக்க முடியாத லாக்-இன் காலந்தான் கொஞ்சம் ஜாஸ்தி... ஆயுசுக்கும்!"