கேட் வரைக்கும் சிக்னல்!

டிங்!

சட்டைப் பையில் இருந்த போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தான் ஏணி; அவன் உயரத்துக்கு ஊரே வைத்த பெயர் அது.

'வைஃபை கனெக்ட் ஆகிவிட்டது' என்றது திரை.

இந்த வீட்டில் வைஃபையே கிடையாது! அதை மாட்டத்தான் அவனே ஏணியும் கையுமாக வந்திருக்கிறான்!

அதைவிடப் பெரிய இடி, கனெக்ட் ஆன வைஃபையின் பெயர்.

'மச்சான் தயவு'.

அவனும் அவன் தங்கச்சி புருஷனும் இரண்டு வருஷமாக ஜோடியாக வீடு வீடாக ஃபைபர் லைன் இழுக்கிறவர்கள். டெஸ்ட் பண்ண மச்சான் பையில் எப்போதும் சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு பூஸ்டர் பெட்டி இருக்கும். ப்ளக்கில் செருகினால் போதும், 'மச்சான் தயவு' என்று பெயர் காட்டும். உலகத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒரு பெட்டிதான்!

அந்த மச்சானைத்தான் நாலு நாளாகக் காணோம்.

தங்கச்சி நாலு நாளாகச் சோறு தொடவில்லை. காணாமல் போன அன்று மச்சான் பாக்கி வைத்த வீடுகளை ஏணி ஒவ்வொன்றாகத் தேடி வருகிறான்; இது நாலாவது. "உங்க ஆளு வரவே இல்ல" என்று ஆபீசுக்குப் புகார் சொன்ன வீடு.

"என்னப்பா, போனையே முறைச்சுட்டு நிக்கற?"

வீட்டுக்காரன். தலை பளபளவென்று மொட்டை. கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தான்.

"டவர் இருக்கான்னு பாத்தேன் சார்..."

"இந்த வீட்டுல டவர் ஒரு மண்ணும் கிடைக்காது. அதுக்குத்தான உன்னக் கூப்பிட்டது!"

"இதுக்கு முன்னாடி எங்க ஆளு யாராவது..."

"வரல! வரல! எத்தன தடவ சொல்றது? வரல!"

ஒரு கேள்விக்கு மூன்று 'வரல' கொஞ்சம் அதிகம்தான்.

ஏணி துளை போட்டான். கேபிளை உள்ளே இழுத்தான். ஹாலில் ரௌட்டரை மாட்டினான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

எங்கே இருக்கிறான் மச்சான்? உயிரோடு இருக்கிறானா?

"சிவப்பு லைட் எரியுதே?" மொட்டை குனிந்து பார்த்தான்.

"ஆபீஸ்ல லைனைத் திறக்கணும் சார். அரை மணி ஆகும். அதுக்குள்ள வீட்டைச் சுத்திப் பாத்துடறேன். எந்த ரூம்ல சிக்னல் படுத்துக்கும்னு தெரிஞ்சாத்தான பூஸ்டர் எங்க வைக்கறதுன்னு சொல்ல முடியும்?"

"எனக்கு வீடு பூரா வேணும். கேட் வரைக்கும் வேணும்!"

"போட்டுட்டாப் போச்சு!"

'மச்சான் தயவு' எங்கே கூடுகிறது என்று போனைப் பார்த்தபடியே நடந்தான். நிழல் மாதிரி பின்னாலேயே மொட்டை.

சமையலறையில்... ஒரு கோடு.

படிக்கட்டில்... இரண்டு.

மாடி வராந்தாவில்... மூன்று!

கடைசி அறை. வெளியே கனமான பூட்டு.

நாலு கோடு!

உள்ளே... தட்... தட்...

"என்ன சத்தம் சார்?"

"பூனை."

"பூட்டியா வச்சிருக்கீங்க?"

"கடிக்கும்." மொட்டையின் குரல் இறங்கியது. "அந்த ரூமுக்கு வைஃபை வேணாம். கீழ எறங்கு."

'பூனை தட்டுமாடா பாவி!' என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் பூனைகள் இரண்டாகிவிடும்.

கீழே வந்தான். டவர் இல்லை. இன்டர்நெட் இன்னும் வரவில்லை. கேட் பூட்டியிருக்கிறது. யாருக்கு எப்படிச் சொல்வது?

சிவப்பு லைட்டையே வெறித்தான்.

சட்டென்று பொறி தட்டியது!

இன்டர்நெட் வராவிட்டால் என்ன? வைஃபையின் பெயர் தெரியுமே! அக்கம்பக்கத்தில் யார் போனைத் திறந்தாலும் தெரியுமே!

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

மொட்டை முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனான். ஏணியின் கட்டைவிரல்கள் பறந்தன. ரௌட்டரின் பெயரை அழித்தான். இங்கிலீஷ் எழுத்தில் புதுப்பெயர் அடித்தான்.

'மாடியில் ஆள் அடைப்பு... போலீஸ்!'

"இந்தா தண்ணி."

"தேங்க்ஸ் சார்." ஒரே மடக்கில் குடித்தான். "கேட் வரைக்கும் கேட்டீங்கல்ல? வாசப்பக்க ஜன்னல்ல ஒரு பூஸ்டர், மாடி பால்கனில ஒண்ணு வச்சிடறேன். தெருக்கோடி வரைக்கும் அடிக்கும்!"

"பலே!" என்றான் மொட்டை. பாவம், மனசாரச் சொன்னான்.

இரண்டையும் மாட்டிப் பத்து நிமிஷம் போனது. ஏணி ஒரே ஸ்க்ரூவை ஏழு தடவை கழற்றி மாட்டினான்.

வெளியே கார் சத்தம்!

மொட்டை ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். உள்ளே வந்தது... காக்கிச் சட்டை! தோளில் நட்சத்திரம்! இன்ஸ்பெக்டர்!

ஏணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான்.

"சார்! எங்க மச்சான மாடில அடைச்சு வச்சிருக்காங்க சார்! கடைசி ரூமு! காப்பாத்துங்க சார்!"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார். சிரித்தார்.

"டேய் மொட்ட! இவனுக்கும் மேல பாய் போடு!"

இருவரும் அவன் போனைப் பிடுங்கி, மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் ஒரு அறை திறந்திருந்தது. உள்ளே ஒரு போலீஸ் ஸ்டேஷன்! மேஜை, லத்தி, அட்டையில் செய்த லாக்கப் கம்பி... எல்லாம் ஒரே சுவரில். எதிரே ஒரு கேமரா.

"வீடியோ கால்ல ஜனங்கள 'அரெஸ்ட்' பண்ணி, மிரட்டிப் பணம் கறக்கற ஸ்டேஷன்!" போலி இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினான். "உங்க மச்சான் கேபிள் இழுக்கறேன்னு இதுக்குள்ள மூக்க நுழைச்சான். லைட் பச்ச ஆகட்டும், அப்புறம் உங்க ரெண்டு பேரையும் சேர்த்தே கணக்கு முடிக்கறோம்."

பூட்டு திறந்தது. கை கட்டி, வாயில் துணியோடு மூலையில் கிடந்தான் மச்சான். கட்டிலுக்குப் பின்னால் ப்ளக்கில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது அந்தப் பூஸ்டர். கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஏணி துணியை உருவினான்.

"மாப்ள... வந்துட்டியாடா!"

"பெட்டிய எப்படிடா மாட்டின?"

"மொத நாளே, கையக் கட்டறதுக்கு முன்னாடி மாட்டிட்டேன். பைல வயரும் டப்பாவுந்தான்னு விட்டுட்டானுங்க. தேடி யாராவது வந்தா நீதான் வருவன்னு தெரியும்." மச்சான் குரல் உடைந்தது. "அவ சாப்பிட்டாளா?"

ஏணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

டிங்... டாங்...

வாசல் மணி!

கீழே போலி இன்ஸ்பெக்டரின் அதிகாரக் குரல் கேட்டது.

"யாரும்மா நீ? இங்க போலீஸ் விசாரணை நடக்குது. கெளம்பு!"

"அப்படியா சார்?" ஒரு பெண் குரல், நிதானமாக. "எந்த ஸ்டேஷன்?"

"இதே ஏரியாதான். நான்தான் இங்க இன்ஸ்பெக்டர்!"

"ஓ... அப்ப நாலு வருஷமா அந்த நாற்காலில உக்காந்திருக்கற நான் யாரு?"

அடுத்து வந்தது பூட்ஸ் சத்தம். அதற்கடுத்து 'பளார்!' மொட்டைத் தலையா, மீசைக் கன்னமா தெரியவில்லை. கேட்க இதமாக இருந்தது.

கால் மணி நேரத்தில் ஏணியும் மச்சானும் தெருவில் நின்றார்கள். யாரோ கொடுத்த போனில் மச்சான், "நான்தான்டி... மொதல்ல சாப்பிடு" என்று விசும்பிக்கொண்டிருந்தான்.

"தகவல் குடுத்தது இவர்தான்." இன்ஸ்பெக்டரம்மா கை காட்டினாள்.

எதிர்வீட்டுப் பெரியவர். பனியனும் கையில் போனுமாக நின்றார். தெருவில் எந்த வீட்டு வைஃபை பூட்டாமல் கிடக்கிறது என்று தினம் தேடுவதே அவர் பொழுதுபோக்காம்.

ஏணி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஐயா! நீங்க எங்க குலசாமி! உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன்!"

பெரியவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த 'ஆள் அடைப்பு' ஃபுல் சிக்னல் காட்டுதே தம்பி... அதுக்குப் பாஸ்வேர்ட் என்ன?"