துணைப்பூட்டு

"துணை வந்துவிட்டாரா?" என்று வண்டி கேட்டது.

வந்துவிட்டார் என்று நவநீதன் கூசாமல் சொன்னார். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழ அளவிலிருந்த துடிப்பியை எடுத்து, பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வண்டி சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டது. பிறகு, "இரண்டு இதயங்கள். வணக்கம், துணையாளரே" என்றது. துணையாளர் பதில் சொல்லவில்லை. அவர் பேசாத மனிதர் என்று வண்டி என்றைக்கோ முடிவுகட்டியிருந்தது. அடிப்பக்கத்துப் பூட்டு 'க்ளிக்' என்று திறந்துகொண்டது.

கார்கள் தங்களைத் தாங்களே தூக்கிக்கொள்ளக் கற்ற பிறகு சூலூர்ப் பக்கம் பட்டறைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வண்டியின் வயிற்றிலிருந்து நான்கு தூக்குக்கால்கள் இறங்கும். எந்த நட்டைக் கழற்ற வேண்டும், எந்தக் குழாயை இறுக்க வேண்டும் என்று வண்டியே நிதானமாகச் சொல்லித்தரும். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவனும் பிரேக் கட்டை மாற்றினான். மாதாமாதம் பராமரிப்பு முடிக்காவிட்டால் வண்டி கிளம்பாது என்பதால் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் யாருமில்லாத வீட்டில் தனியாகக் கீழே நுழைந்தவர்களில் சிலர் வெளியே வரவில்லை. அதனால் வந்ததுதான் துணைப்பூட்டு. பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றால்தான், அந்த ஆளின் இதயம் துடிப்பது வண்டிக்குக் கேட்டால்தான், அடிப்பக்கம் திறக்கும்.

நல்ல சட்டம்தான். ஆரம்பத்தில் அடுக்ககமே ஞாயிற்றுக்கிழமைகளில் கலகலவென்று இருந்தது. ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் போய் நிற்பதும், காப்பி வருவதும், பேச்சு நீளுவதுமாக இருந்தது. நவநீதனுக்கு அதுதான் ஆகவில்லை. கருவூலத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க ஒருத்தர் முன்னால் போய் நிற்காமல் வாழ்ந்தவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை. மனைவி போன பிறகு அந்தப் பெருமையைத் தவிர வீட்டில் வேறு ஆளில்லை. 'கொஞ்சம் வந்து நில்லுங்க' என்று கதவைத் தட்டுவதற்கு அவர் நாக்கு எழவே எழாது. மனித இதயம் போலவே அடித்துக்காட்டி வண்டியை ஏமாற்றும் துடிப்பி கடைத்தெருவில் விற்பனைக்கு வந்த அன்றைக்கு முதல் ஆளாகப் போய் வாங்கினார். பிறகு எல்லோருமே வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி அமைதியாகின.

மெல்பர்னிலிருந்து மகன் கூப்பிடும்போது, இந்தத் தடவை கூட யார் நின்றார்கள் என்று தவறாமல் கேட்பான். பக்கத்து வீட்டுக்காரர் என்பார். பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது.

அன்றைக்கு வேலை சின்னதுதான். மின்கலத்துக்கு அடியில் போகும் குளிர்நீர்க் குழாய் லேசாகக் கசிந்தது. கிளாம்பை இறுக்கினால் போதும். கால்கள் ஊன்றும் இடம் கெட்டித் தரைதானா என்று துணையாளர் சுற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்று வண்டி கேட்டுக்கொண்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று துணையாளர் சார்பில் நவநீதனே சொல்லிவிட்டு, ஸ்பேனரோடு மல்லாந்து உள்ளே நகர்ந்தார். பின்னங்கால் ஒன்று சாக்கடை மூடியின் மேல் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூடி உடைந்து கால் உள்ளே இறங்க, வண்டி ஒருக்களித்துச் சாய்ந்து அவருடைய இடது தோளையும் விலாவையும் தரையோடு அழுத்திக்கொண்டது.

மூச்சு விட முடிந்தது. அதற்கு மேல் எதுவும் முடியவில்லை. "தூக்கு" என்றார். "வலிக்குது, தூக்கு."

"உங்கள் இதயம் வேகமாகத் துடிக்கிறது. பயப்பட வேண்டாம். துணையாளர் அமைதியாக இருக்கிறார்" என்றது வண்டி.

வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் வந்த வண்டிகள், கீழே இருப்பவரின் இதயம் எகிறினாலே மேலே எழும்பி ஆம்புலன்ஸையும் அழைத்துவிடும். கரப்பான்பூச்சி ஓடினாலும் ஆம்புலன்ஸ் வந்தது. அலுத்துப்போன அரசு விதியை மாற்றியது. கீழே கிடப்பவர் எதற்கும் பயப்படுவார், நிற்பவருக்குத்தான் நிலைமை முழுதாகத் தெரியும், ஆகவே நிற்பவரின் இதயம் பதறினால் மட்டுமே அது அபாயம். யோசித்துப் பார்த்தால் நியாயமான விதி. நவநீதன் யோசித்துப் பார்க்கும் நிலையில் இல்லை.

"இங்க யாரும் இல்ல" என்றார். வண்டி நம்பவில்லை. துணையாளரின் துடிப்பு சீராகக் கேட்பதாகச் சொல்லி, வலி இருந்தால் அவரிடம் தெரிவிக்கும்படி யோசனையும் சொன்னது. அது துடிப்பி, ஆள் இல்லை, எனக்கு ஆளே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருடத்தில் மகனிடம்கூட ஒப்புக்கொள்ளாததை ஒரு காரிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டூலின் மேலிருந்த துடிப்பி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. இப்படியே போய்விட்டால் எத்தனை நாள் கழித்து யார் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தார். யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. விலா வலியைவிட அது அதிகமாக வலித்தது.

எதிர் ஷெட்டுக்குத் தன் வண்டியை எடுக்க வந்த மதுமிதாவுக்கு, ஒரு கார் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே இருப்பது விநோதமாகப் பட்டிருக்கிறது. இரண்டாம் மாடியில் இருப்பவள். ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். நவநீதன் அவளுக்கு மாடிப்படியில் தலையசைப்பதோடு சரி. அவள் குனிந்து பார்த்தாள். அடிப்பக்கத்திலிருந்து நீண்டிருந்த ஒரு கையைப் பார்த்தாள்.

"ஐயோ, அண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

"புதிய இதயம் பதறுகிறது. அபாயம் உறுதி" என்ற வண்டி, மற்ற மூன்று கால்களை உந்தி மேலே எழும்பியது. மதுமிதா அவரை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு முடியும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஊறுகாய் பாட்டில்கள் அவள் வண்டியிலேயே கிடந்தன.

இப்படி நடந்தது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்தது. துடிப்பிகளை ஒழிக்க விதி மறுபடி மாறியது. இனிமேல் இதயம் துடித்தால் மட்டும் போதாது. கீழே ஆள் படுத்ததும், கால்களைப் பத்திரமாகப் பூட்டிக்கொண்டு வண்டி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டும். நிற்பவரின் இதயம் அதற்குப் பதற வேண்டும். சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது வேறு, இன்னொரு உயிருக்காகப் பதறுவது வேறு. இரண்டும் வண்டிக்குப் பிரித்துத் தெரியும். பதறாத இதயத்தைத் துணை என்று அது ஏற்றுக்கொள்ளாது.

பல வீட்டுக் கதைகள் சந்தி சிரித்தன. கணவன் படுத்துக்கொள்ள மனைவி நிற்க, பூட்டுத் திறக்காத வீடுகள் எத்தனையோ. தலைவர் படுத்து, உயிரையே கொடுப்பேன் என்ற தொண்டர் நின்றும் திறக்காத கதையைத் தேநீர்க் கடைகளில் சொல்லிச் சிரித்தார்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி தற்செயலாக நின்றபோது சட்டென்று திறந்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்ததும் நடந்தது.

நவநீதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வண்டி தூசு மூடி நின்றது. கட்டுப் பிரித்த பிறகும் பராமரிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வண்டி ஓடாவிட்டால் போகட்டும், பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். கூட ஒருவரை நிறுத்தி, பூட்டுத் திறக்காமல் போனால் அதன் பிறகு எப்படி இருப்பது என்பதுதான் அவர் பயம். தனக்காகப் பதற உலகத்தில் ஓர் இதயமாவது இருக்கிறதா என்பதை ஒரு பூட்டிடம் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மதுமிதாதான் ஒரு நாள் வழியில் நிறுத்திக் கேட்டாள். "வண்டி எடுக்கறதே இல்லீங்களாண்ணா? பராமரிப்புன்னா சொல்லுங்க, நான் வந்து நிக்கறேன்."

அவளிடம் மறுக்க முடியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை நவநீதன் வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். வண்டி ஆடியது. ஆட்டம் அடங்குவதற்குள் பூட்டுத் திறந்துவிட்டது. அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மல்லாந்து கிடப்பவருக்கு அதைத் துடைக்கவும் வசதியில்லை. என்னாச்சுங்க என்று மதுமிதா கேட்டதற்கு, கண்ணில் தூசு என்றார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு முறையும் திறந்தது. மகன் கேட்டபோது, இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். அதைச் சொன்ன அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மதுமிதாவின் வண்டிக்கு வழக்கமாக அவள் நாத்தனார் நிற்பாள். அவள் பழனிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்க கொஞ்சம் வர முடியுமா என்று மதுமிதா வந்து கேட்டாள். நவநீதன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று பல நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவர். கால்கள் ஊன்றிய இடங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து தட்டிப் பார்த்தார். மதுமிதா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நகர்ந்தாள்.

வண்டி ஆடியது.

"துணையாளரின் இதயத்தில் மாற்றம் இல்லை" என்றது.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். மறுபடி ஆடியது, மறுபடியும் அதையே சொன்னது. நவநீதன் கண்ணை மூடி, அவள் நசுங்குவதாக நினைத்துப் பார்த்தார். இரத்தத்தை நினைத்தார். தன்னை இழுத்துப்போட்ட கைகளை நினைத்தார். நன்றி வந்தது, மரியாதை வந்தது, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற நல்லெண்ணமும் வந்தது. நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. எனக்காக யார் இருக்கிறார்கள் என்று ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டவர், நான் யாருக்காக என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அங்கே நிற்கும்போது அவருக்குத் தெரிந்தது. மனைவியின் கடைசி நாட்களில்கூட எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பதறினாரா என்பது நினைவில்லை.

"மாற்றம் இல்லை" என்றது வண்டி, மூன்றாவது முறையாக.

மதுமிதா வெளியே வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவர் நின்ற நிலையைப் பார்த்து அவள்தான் சங்கடப்பட்டாள்.

"பிரஷர் மாத்திரை போடறீங்களாங்கண்ணா? அது போட்டா நெஞ்சு படபடப்பே இருக்காதுன்னு சொல்லுவாங்க. அது இந்த வண்டிக்கெங்க தெரியப்போகுது."

நவநீதன் வாழ்நாளில் அப்படி ஒரு மாத்திரை போட்டதில்லை.

"ஆமாங்க, போடறேன்" என்றார்.

அதானே பார்த்தேன் என்று அவள் முகம் தெளிந்தது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பூக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் ஈரக்கையை உதறிக்கொண்டே வந்து நின்றாள். வண்டி ஆடியதும் பூட்டுத் திறந்தது. போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நவநீதன் ஷெட் ஓரமாக ஒதுங்கினார்.

"அண்ணா" என்று வண்டிக்கு அடியிலிருந்து மதுமிதாவின் குரல் வந்தது. "அடுத்த வாரம் உங்க வண்டிக்கு நான் வந்துடறேன். நீங்க வேற யாரையும் தேடாதீங்க."