நடுவில் நிற்கும் முள்

செம்மேட்டில் கோபமாக இருப்பவருக்குக் கதவு திறக்காது. செவ்வாய்க் கோளில் எழுபது ஆண்டுகளாக இருக்கும் குடியிருப்பு அது. பெரிய கூரைக்குக் கீழே அத்தனை பேரும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கோபக்காரர் அடுத்தவர் பங்கையும் சேர்த்து மூச்சு வாங்கிவிடுகிறார் என்று கண்டுபிடித்த முன்னோர்கள், ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் தோலுக்கடியில் ஒரு சினமானியைப் பதிக்க ஏற்பாடு செய்தார்கள். காலையில் வீட்டுக் கதவில் மணிக்கட்டை வைக்க வேண்டும். முள் நடுவில் நின்றால் கதவு திறக்கும். சிவப்புக்குப் போனால், தணிந்த பிறகு வரும்படி கதவே சொல்லும்.

அன்று காலை தில்லைநாயகி மணிக்கட்டை வைக்கவில்லை, ஓங்கி அறைந்தாள். ஒரு மாதமாக அவள் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு விசாரணை வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளிடம், "இனிய நாளாகட்டும்" என்று சொல்லிக் கதவு திறந்துகொண்டது.

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். தோலுக்கடியில் முள் நட்டநடுவில் நின்றது.

"அடப்பாவி! நீயும் அந்த வண்டி முள்ளோட சேந்தவன்தானா?" என்றாள்.

வண்டி என்றது அவளுடைய பிக்கப்பை. பனிச்சுரங்கத்திலிருந்து செம்மேட்டுக்குப் பனிப்பாளம் ஏற்றி வருவது அவள் வேலை. அந்தப் பனியை உருக்கித்தான் ஊரே தண்ணீர் குடிக்கிறது. பிக்கப்புக்கு மீத்தேன் எஞ்சின்; எரிக்க வேண்டிய ஆக்சிஜனையும் உருளையில் கூடவே சுமந்து போகும். வெளியே மைனஸ் அறுபது டிகிரி குளிர் இருக்கும்போது எஞ்சின் எப்படிச் சூடேறும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். குளிர் இருந்து என்ன செய்ய? சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்று வேண்டுமே. செவ்வாயின் காற்று பெயருக்குத்தான் காற்று. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திணறும். அதனால் டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள்ளை நம்பித்தான் எல்லா ஓட்டுநர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறார்கள்.

போன மாதம் சுரங்க ஏற்றத்தில் அந்த முள் நடுவில் நின்றபடியே இருக்க, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் படாரென்று விரிசல் விட்டது. பிறகுதான் முள் சிவப்புக்குத் தாவியது, செத்தவன் வீட்டுக்குக் கடைசியில் வந்த சொந்தக்காரன் போல. மீட்பு வண்டி வர ஒன்பது மணி நேரம் ஆனது. கூட வந்த சுமையாள் இருதயராஜ், குளிரில் இடது காலில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தான். இதற்கு நிர்வாகம் தில்லையின் மேல்தான் குற்றம் சாட்டியது. வண்டிப் பதிவேட்டில் முள் இயல்பாக இருந்ததாம். ஆகவே எஞ்சின் இயல்பாக இருந்ததாம். ஆகவே அவள்தான் கோபத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்க வேண்டுமாம். நிரூபணமானால் உரிமம் போய்விடும். அதன்பின் ஆயுள் முழுக்க, ஊருக்குக் காற்று தரும் பாசித்தொட்டியைச் சுரண்ட வேண்டியதுதான்.

விசாரணை நடத்தியது ஓர் இயந்திரம். ஊரார் அதற்கு அமைதிநாதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு திட்டினாலும் அதற்கு உறைக்காது.

"முள் நடுவில் இருந்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றது.

"ஒத்துக்கிடுதேன்."

"எனில் எஞ்சின் இயல்பான வெப்பத்தில் இருந்திருக்கிறது."

தில்லை எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். கால் முறிந்து அது மூலையில் விழுந்தது. "இப்ப எங் கையப் பாரும்!" என்று மணிக்கட்டை நீட்டினாள். "முள்ளு எங்க நிக்கி?"

"நடுவில்."

"அப்ப எழுதும். தில்லைநாயகி அமைதியா நாற்காலிய எறிஞ்சான்னு எழுதும்!"

அமைதிநாதன் அப்படியே எழுதிக்கொண்டது. எழுதியதைத் தானே படித்துப் பார்த்தது. பிறகு பழைய பதிவேடுகளைத் தேடிப் புரட்டியது.

"எங் கை முள்ளு நெசம்னா அன்னைக்கும் நான் கோவப்படல. அன்னைக்கும் இது நடுவுலதான் நின்னுச்சு. பொய்யின்னா வண்டி முள்ளும் பொய்யி. ரெண்டுல எதுன்னு நீரே சொல்லும்" என்றாள். இருதயராஜின் கட்டுப்போட்ட கால் கண்ணுக்குள் வந்து நின்றது.

"குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்கிறேன்" என்றது அமைதிநாதன். "உங்கள் வண்டியின் முள் எண்பது டிகிரியிலிருந்து நூற்று இருபத்தெட்டு வரை நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. சினமானியும் அவ்வாறே."

"எந்தக் களவாணிப் பய செஞ்ச வேல அது?"

"முதலில் முள்ளோடு உண்மையான எண்ணும் தெரிந்தது. முள் இம்மி அசைந்தாலும் ஓட்டுநர்கள் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்து சண்டையிட்டார்கள். கதவு திறக்கவில்லை என்று குடும்பத்தலைவர்கள் கோபப்பட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஊரே கையெழுத்திட்டு மனுக் கொடுத்தது. நாங்கள் நிறைவேற்றினோம்."

"பயந்தாங்கொள்ளிப் பயலுவ! எனக்கு உண்மையான எண்ணு வேணும். இன்னைக்கே வேணும்."

அமைதிநாதன் ஒரு பொட்டலத்தைத் தந்தது. உள்ளே எஞ்சினின் உண்மையான வெப்பத்தை எண்ணாகக் காட்டும் ஓர் எண்மானி, விவரச்சீட்டு, சிறிய கறுப்பு ஒட்டுநாடாச் சுருள் ஆகியவை இருந்தன.

"இந்தச் சுருள் எதுக்கு?"

"எண்மானி கேட்பவர்களுக்கு இதையும் சேர்த்துத் தருவது நடைமுறை."

விவரச்சீட்டில் எல்லாம் தெளிவாக இருந்தது. சமதளத்தில் எண்பத்தைந்து முதல் நூற்றைந்து வரை இயல்பு. சுமையோடு ஏற்றம் ஏறினால் நூற்றுப் பதினைந்து வரை போகும், பயம் வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் நூற்று முப்பது வரை கொதிக்காது. நூற்று இருபதைத் தாண்டினால் மணி அடிக்கும். உடனே வண்டியை நிறுத்தி ஆற விட வேண்டும். தில்லை அதை மனப்பாடமே செய்துகொண்டாள்.

மனப்பாடம் ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் நாள் எண் தொண்ணூற்றாறிலிருந்து நூற்றிரண்டுக்குப் போனதும் அவள் கால் பிரேக்குக்குப் போனது. இயல்புதான் என்று தெரிந்தும் நிறுத்தினாள். ஊர் வந்து சேர்வதற்குள் பதினோரு முறை நிறுத்தினாள். மறுநாள் ஒன்பது முறை. தண்ணீர் தாமதமானதால் தெருவில் குடத்தோடு நின்றவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "உண்மை வேணும்னு கேட்டாளாம், பெரிய இவ!" என்றாள் ஒருத்தி. நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பியிருந்த இருதயராஜ் எண்ணைவிட்டுக் கண்ணெடுப்பதே இல்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தான்.

ஐந்தாம் நாள் அதே சுரங்க ஏற்றம்.

"நூத்திப் பன்னெண்டு... நூத்திப் பதிமூணு... யக்கா, நூத்திப் பதினாலு!"

"வாய மூடுலே! ஏத்தத்துல அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அந்த எண்ண மூடுக்கா! என்னால பாக்க முடியல!"

தில்லைக்குத் தலைக்கேறியது. "ஒனக்காகத்தானலே நாற்காலிய ஒடச்சேன்! ஒன் வெரலு எதனால போச்சு? தெரியாமப் போனதாலதான?"

"தெரியாமப் போனப்ப வெரலுதாங்கா போச்சு. தெரிஞ்சு போறப்ப நாளும் உசுரு போவுது!"

அவளுக்கு அவனைக் கீழே தள்ளிவிடலாம் போலிருந்தது. அவனைவிட, ஒவ்வொரு எண்ணுக்கும் திடுக்கிடும் தன் நெஞ்சின் மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம். வண்டியை நிறுத்தாமலே ஒரு கையால் டேஷ்போர்டுப் பெட்டியைத் துழாவி, கறுப்பு நாடாவை எடுத்தாள். பல்லால் கிழித்து எண்ணின் மேல் ஒட்டினாள். பனிப்பாளத்தில் குறி போடும் வெள்ளைப் பென்சிலை எடுத்து, நாடாவின் மேல் ஒரு முள் வரைந்தாள், நட்டநடுவில் நிற்பது போல.

இருதயராஜ் சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். ஒரு மாதத்தில் முதல் முறையாகத் தில்லைக்கும் மூச்சு சீராக வந்தது. கியரை மாற்றி, ஏற்றத்தின் கடைசி வளைவில் வண்டியை அழுத்தினாள்.

பாதி வளைவில், நாடாவுக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது.

இருவரும் வரைந்த முள்ளைப் பார்த்தார்கள். அது அசையாமல் நின்றது. மணியும் நிற்காமல் அடித்தது.

"யக்கா, இந்த மணிக்குப் போற வயரு எது?" என்று கேட்டபடி இருதயராஜ் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான்.